வினா எண் எட்டு

கால்மேல் கால் போடக் கூடாது, முன்னால் இருக்கும் கம்பியில் சாயக் கூடாது, கை தட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, தூங்கக் கூடாது. பார்வையாளர் மாடத்துக் காவலர் இதையெல்லாம் வாசலிலேயே ஒப்பித்துவிட்டார், கடைசியை மட்டும் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். ராத்திரி வேலை முடித்துவிட்டு நேராக வருகிறவன் கண் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அச்சகத்துக் குழாயில் மூன்று தடவை முகம் கழுவியும் இமைக்குள் மணல் மாதிரி ஏதோ உருளுகிறது. கீழே பச்சைக் கம்பளம், வளைவு வளைவாக இருக்கைகள், உயரத்தில் பேரவைத் தலைவர், அவருக்கு நேர் எதிரே சுவரில் வட்டக் கடிகாரம். பத்து மணி நாலு நிமிஷம். வினா நேரம் பதினொன்று வரைக்கும். அதற்குள் கேட்கப்பட்டவை கேட்கப்பட்டவை, மீதி வினாக்களின் விடைகள் பேரவையின் மேசைமீது வைக்கப்பட்டதாகக் கருதப்படும். கருதப்படும். இந்தச் சொல்லை இருபத்திரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் எதையும் வைக்க வேண்டாம், யாரும் எடுத்துப் பார்க்க வேண்டாம், கருதினால் போதும். என்னுடையது எட்டாவது வினா. என்னுடையது என்று சொல்லக் கூடாது, தாழைக்கரைத் தொகுதி உறுப்பினர் திருமதி மரகதவல்லியுடையது, என் பெயர் அதில் எங்கும் கிடையாது, என் மனைவி செங்கமலத்தின் பெயரும் கிடையாது. ஆனால் அதன் ஒவ்வொரு வரியும் என் கை போட்டது, அச்சுக்குப் போகும் முன் படி திருத்தியதும் நான்தான். (அ) தாழைக்கரை அரசு மருத்துவமனையில் சென்ற ஆண்டு அக்டோபர் பதினேழாம் நாள் இரவு பணி மருத்துவர் இல்லாதிருந்ததை அரசு அறியுமா. (ஆ) ஆம் எனில், அதற்கான காரணம் என்ன. (இ) ஆம் எனில், அங்கு இரவுப் பணிக்கு நிரந்தர மருத்துவரை நியமிக்க அரசு ஆவன செய்யுமா? ஒரு பிழை கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றவன், அச்சகத்தில் தாள் தூக்கும் ஆளாகச் சேர்ந்து, கழித்துப் போட்ட தாள்களைப் படித்துப் படித்தே திருத்துநர் ஆனவன் எழுதியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிழை இல்லை, ஆனால் தப்பு இருக்கிறது. அது இப்போதுதான், இந்த வழுவழுப்பான மர நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் சரியாகத் தெரிகிறது, அல்லது எழுதும்போதே தெரிந்துதான் எழுதினேனோ என்னவோ. அந்த அம்மாள் சொன்னது ஒரே வரி. தாழைக்கரைக்கு ராத்திரி டாக்டர் போடுவார்களா, அவ்வளவுதான். முதல் தடவை ஜெயித்து வந்தவர், அதற்கு முன் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர், நூறு பிள்ளைகளுக்கு அளந்து போட்ட கை, பேச்சையும் அப்படித்தான் அளந்து போடுவார். உறுப்பினர் விடுதியின் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லி, டாக்டர் வேணும்னு மட்டும் கேப்போம்ணே, பழசைக் கிளறினா கதவைச் சாத்திக்குவாங்க என்றார். என் மைத்துனன் குப்புராஜும் கூட நின்றான். அவன் மனைவிக்கு ஏழாவது மாதம், முதல் குழந்தை பிரசவத்திலேயே கஷ்டம். அக்கா போனது போனதுதான் மாமா, டாக்டர மட்டும் கேளுங்க என்று அவனும் சொன்னான். எனக்கு அந்தத் தேதி வேண்டியிருந்தது. அது நடந்தது என்று எங்காவது அச்சில் வேண்டியிருந்தது. அமைச்சர் ஒருவர் எழுந்து நின்று ஆம் என்று சொல்லி, அது அவைக் குறிப்பில் ஏறி, கெட்டி அட்டை போட்டு நூலகத்தில் நிற்க வேண்டும். முதல்ல நடந்துச்சான்னு கேளுங்கம்மா, அதுதான் முறை, எல்லா வினாவும் அப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். முறை என்று நான் சொன்னதும் அந்த அம்மாள் சரிண்ணே என்றுவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையாயிரம் வினா என் மேசையைத் தாண்டிப் போயிருக்கும், எல்லாம் அப்படித்தான், (அ)வின் கழுத்தில் (ஆ)வைக் கட்டி, (ஆ)வின் வாலில் (இ)யைக் கட்டி. அதற்கு வருகிற விடையும் எனக்கு மனப்பாடம். (அ) இல்லை. (ஆ), (இ) வினாக்கள் எழவில்லை. கழுத்து போனால் எல்லாம் போயிற்று. தெரிந்தும் கட்டினேன். கை வேறு மாதிரி எழுதாது. எனக்கு ஓர் ஆம் வேண்டும் என்பதற்காக ஓர் ஊரின் டாக்டரைக் கொண்டுபோய் அந்த ஆமில் கட்டிவிட்டேன்.

பத்து பதினான்கு. இன்னும் முதல் வினாவே முடியவில்லை, மீன் இறங்குதளம் பற்றி. கேட்கிற உறுப்பினர் மீனுக்கு வருவதற்குள் தன்னை இந்த அவைக்கு அனுப்பியவர்களை, அனுப்பக் காரணமானவரை, அவருக்குக் காரணமானவரை வரிசையாக வணங்கிக்கொண்டிருக்கிறார். பேரவைத் தலைவர் தளத்துக்கு வாங்க என்கிறார், வர்றேன் தலைவரே, படகு இப்பத்தான் கிளம்பியிருக்கு என்று பதில், எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஒரு வணக்கத்துக்கு நாற்பது விநாடி. எதிரே பக்கவாட்டில் அதிகாரிகள் மாடம், கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அமைச்சர் தடுமாறினால் துண்டுச் சீட்டு எழுதிக் கீழே அனுப்புவார்கள். அதில் ஒரு கோப்புக்குள் என் விடை இருக்கிறது. நேற்றே அச்சாகிவிட்ட விடை. அது எங்கள் அச்சகத்தில்தான் அச்சானது, என் மேசையிலிருந்து முப்பதடி தூரத்தில், கண்ணாடிக்குப் பழுப்புத் தாள் ஒட்டிய அறைக்குள். வினாக்கள் என் பக்கம், விடைகள் அந்தப் பக்கம். அங்கே படி பார்ப்பவன் சவரிராயன். உள்ளே போனால் அவன் பூட்டிக்கொள்வான், படித்ததை வெளியே சொன்னால் வேலை போய்விடும், பதினாறு வருஷத்தில் ஒரு எழுத்து அவன் வாயிலிருந்து நான் பிடுங்கியதில்லை. டீக்கு வெளியே வரும்போதெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணுவதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே பேச்சு. என்ன புலவரே, இன்னைக்கு எத்தனை ஒற்று பறிமுதல் என்பான். எட்டாங்கிளாஸ் புலவர் வர்றார், எல்லாரும் ஒழுங்கா நில்லுங்க என்று பைண்டிங் ஆட்களிடம் சொல்வான். நேற்று அவன் என்னைக் கிண்டல் செய்யவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். காலையில போறீங்களா என்றான். போறேன் என்றேன். சட்டை இதுதானா என்று கேட்டான். என் சட்டையில் காலரில் நூல் பிரிந்திருந்தது. அவன் பெட்டியைத் திறந்து, தேய்த்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தான், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போடுகிறது. அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் அகலமான ஆள், தோள் இரண்டும் எனக்குக் கீழே இறங்கி நிற்கிறது. நல்ல சேதி கேட்கப் போகிறவனுக்கு நல்ல சட்டை கொடுப்பார்கள். கெட்ட சேதி கேட்கப் போகிறவனுக்கும் கொடுப்பார்கள். ஆம் என்று படித்திருந்தால் அவன் கிண்டல் பண்ணியிருப்பான், சந்தோஷத்தில் நாக்கு அடங்காது அவனுக்கு. ஒருவேளை அடக்கியிருப்பான், கிண்டல் பண்ணினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று. ஒருவேளை அவன் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை, சட்டை வெறும் சட்டைதான்.

இரண்டாவது வினா நூலகக் கட்டடம், மூன்றாவது தடுப்பணை. தடுப்பணை பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலனையில் இருக்கும் தடுப்பணைகளை எல்லாம் கட்டியிருந்தால் கடலுக்கு ஒரு சொட்டுப் போயிருக்காது என்று சவரிராயன் ஒருமுறை சொன்னான், அது விடை இல்லை, பொது விஷயம் என்பதால் சொன்னான். தூக்கம் பின்கழுத்தில் ஏறுகிறது, குளிர்சாதனக் காற்று, நாற்காலியின் வார்னிஷ் வாசனை, எங்கோ வாசித்துக்கொண்டே போகும் குரல். நாற்காலி. அந்த நாற்காலியை நான் பார்த்ததில்லை, குப்புராஜ் சொல்லித்தான் தெரியும், ஆனால் இந்த ஒன்பது மாதமாக அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பச்சை ரெக்சின் போட்ட சுழல் நாற்காலி, முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு. செங்கமலம் தாழைக்கரையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தாள். கொல்லைப்பக்கம் போனவளை ஏதோ கடித்தது, பாம்பு என்று அவளே சொல்லியிருக்கிறாள், பதறாமல் சொன்னாளாம், பதறினால் விஷம் ஏறும் என்று எங்கோ படித்ததை நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். வண்டியில் நடுவில் உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நர்ஸ் இருந்தார், பதிவேட்டில் டாக்டர் கையெழுத்து இருந்தது, நாற்காலியில் துண்டு இருந்தது. இப்ப வந்துருவார், துண்டு இங்கதான கிடக்குது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொல்லாமல் நான் ஊசி போட முடியாது என்றும் சொல்லியிருக்கிறார், பாவம், சின்னப் பெண்ணாம், அழுதுகொண்டே போன் போட்டுக்கொண்டிருந்ததாம். குப்புராஜும் போன் போட்டிருக்கிறான், எனக்கு, பதினோரு தடவை. எங்கள் அச்சகத்தில் வாசலில் ஒரு மரப்பெட்டி, வேலைக்குள் போகும்போது எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், வினாவும் விடையும் வெளியே போகக் கூடாது என்பதற்காக. பெட்டிக்குள் அது வெளிச்சம் போட்டுப் போட்டு அணைந்திருக்கும். ஒன்றரை மணி நேரம் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு ஆம்புலன்ஸில் மாவட்டத் தலைநகருக்கு. பாதி வழியில் ஒரு பாலம் வரும். அவள் உயிர் அதைத் தாண்டவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன படித்துக்கொண்டிருந்தேன் என்று பிற்பாடு பழைய கட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். ஏதாவது பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை, தென்னை வாடல் நோய். வாடல் நோயால் பாதிக்கப்பட்ட மரங்களின் எண்ணிக்கை எவ்வளவு. வாடல் என்பதில் கால் விடுபட்டு வடல் என்று இருந்திருக்கிறது, நான் திருத்தியிருக்கிறேன், ஓரத்தில் என் சிவப்பு மை தெளிவாக, கை நடுங்காமல் இருக்கிறது.

பத்து முப்பத்தொன்பது. வினா எண் ஐந்து என்கிறார் பேரவைத் தலைவர், யாரும் எழவில்லை, மறுபடி கூப்பிடுகிறார், அந்த இருக்கை காலி. கேட்க வேண்டியவர் வரவில்லை என்றால் வினா போயிற்று. என் உடம்பு நிமிர்கிறது, யாரோ ஓர் ஊருக்கு ஏதோ ஒன்று கிடைக்காமல் போனதில் எனக்கு ஆறு நிமிஷம் லாபம். அது என்ன வினா என்று எனக்குத் தெரியும், நானே படி பார்த்தது, பழங்குடிப் பிள்ளைகள் விடுதிக்குக் குடிநீர். வெட்கமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது, கொஞ்சமாக, பல்லிடுக்கில் நார் மாட்டினாற்போல. ஆறாவது பேருந்து நிலையம். ஏழாவது வினா ஆரம்பிக்கும்போது பத்து நாற்பத்தெட்டு. இப்போது இன்னொரு பயம் வருகிறது, இத்தனை நேரம் வராதது. வினா எட்டு வரவே வேண்டாம். ஏழாவது நீளட்டும், இவரும் பத்துப் பேரை வணங்கட்டும், மணி அடிக்கட்டும். விடை மேசைமீது வைக்கப்பட்டதாகக் கருதப்பட்டுவிட்டால் யாரும் அதை வாயால் சொல்ல வேண்டாம். இல்லை என்பது அச்சில் ஒரு சொல், எத்தனையோ பார்த்தாயிற்று. எழுந்து நின்று ஒரு மனிதர் ஒலிபெருக்கியில் சொன்னால் அது வேறு. ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டால் டாக்டரும் இல்லை, குப்புராஜ் மனைவிக்கு வினா எழுதும்போது ஏழாவது மாதம், இப்போது ஒன்பது நடக்கிறது. இன்றோ நாளையோ அவன் வண்டியை எடுப்பான், அந்த நாற்காலிக்கு முன்னால் போய் நிற்பான். மாமா, டாக்டர மட்டும் கேளுங்க. கீழே மரகதவல்லி அம்மாள் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், நீலக் கரைப் புடவை, மடியில் கைகள். துணை வினாவும் நான்தான் எழுதிக் கொடுத்தேன், பதிவேட்டைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி, நாலாக மடித்த தாள். அது அவர் முன்னால் மேசையில் இருக்கிறது, இன்னும் நாலாகவே மடித்திருக்கிறது. பிரித்துப் பாருங்கம்மா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கம்பியில் சாயக் கூடாது.

பத்து ஐம்பத்தேழு. வினா எண் எட்டு. அவர் எழுந்துவிட்டார். பேரவைத் தலைவர் அவர்களே, வினா எண் எட்டு என்று மட்டும் சொல்கிறார், அதற்கு மேல் சொல்லக் கூடாது, வினா அச்சில் இருக்கிறது. யாரும் யாரையும் வணங்கவில்லை. சுகாதாரத் துறை அமைச்சர் எழுகிறார், வயதானவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார், கெட்டவர் மாதிரி தெரியவில்லை, தாளைப் படிக்கிறார். (அ) இல்லை. (ஆ), (இ) வினாக்கள் எழவில்லை. உட்கார்ந்துவிட்டார். நாலு விநாடிகூட இல்லை. ஒன்றும் ஆகவில்லை. கடிகாரம் ஓடுகிறது, யாரோ இருமுகிறார்கள், என் பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விடுகிறார். சட்டை வெறும் சட்டை இல்லை. சவரிராயா, தெரிந்து தேய்த்த சட்டையைக் கொடுத்திருக்கிறாய். பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது, அதனால் டாக்டர் இருந்தார், அதனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது துண்டு இல்லை, டாக்டர். துணை வினா உண்டா என்கிறார் தலைவர். உண்டு என்று அந்த அம்மாள் நிற்கிறார், என் தாளை எடுக்கவில்லை, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார், பந்தியில் சாம்பார் வாளி வருவதற்குக் காத்து நிற்பவர் போல. "அன்னிக்கு ராத்திரி டாக்டர் இல்லைங்கிறதே அரசுக்குத் தெரியாதுன்னு அமைச்சர் சொல்றாங்க. அப்ப டாக்டர் இருந்திருக்கார். ரொம்ப சந்தோஷம். அன்னிக்கு இருந்த அதே டாக்டரை இன்னிக்கு ராத்திரியும் இருக்கச் சொல்வாங்களா, தினமும் இருக்கச் சொல்வாங்களா, அதையும் ஊர்க்காரங்க கண்ணுக்குத் தெரியிற மாதிரி இருக்கச் சொல்வாங்களான்னு அறிய விரும்புறேன்." அவ்வளவுதான். எதிர்க்கட்சிப் பக்கம் ஒருவர் சிரிக்க, ஆளுங்கட்சிப் பக்கமும் பற்றிக்கொள்கிறது, அமைச்சர்கள் சிரிக்கிறார்கள், தலைவர் கையால் வாயை மூடிக்கொள்கிறார். அதிகாரிகள் மாடத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை, ஒரு துண்டுச் சீட்டு அவசரமாகக் கீழே போகிறது. அமைச்சர் அதை வாங்கி, பிரிக்காமல், விரலிடுக்கில் வைத்துக்கொண்டே எழுகிறார். இல்லை என்று சொன்ன மனிதர் இப்போது எப்படி மாட்டேன் என்பார். "இருக்கிற மருத்துவரை இருக்கச் சொல்வதில் எனக்கென்ன சிரமம்? தாழைக்கரையில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை மருத்துவர் ஒருவர் மருத்துவமனையிலேயே தங்கியிருப்பார், அதற்கான ஆணை இந்த வாரமே போகும், உறுப்பினர் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்." அவையில் சொன்ன உறுதி, அது உறுதிமொழிக் குழுவின் பட்டியலில் ஏறும், ஏறினால் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், எனக்குத் தெரியும், அந்தப் பட்டியலும் என் மேசைக்குத்தான் வரும். டாக்டர் வந்துவிட்டார். நான் கட்டிய கட்டை அந்த அம்மாள் அவிழ்க்கவில்லை, கட்டோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். டாக்டர் அன்றைக்கும் இருந்தார் என்று அந்த அம்மாளே ஒப்புக்கொண்டு, அந்த விலையில் வாங்கிவிட்டார். என் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. மடித்த தாளைக் கைப்பைக்குள் வைக்கிறார். தோளில், எனக்குப் பெரிதான அந்தத் தோளில், ஒரு கை வந்து அழுந்துகிறது, காவலர் குனிந்து காதருகே சொல்கிறார், "அண்ணே, சிரிக்கக் கூடாதுன்னு வாசல்லயே சொன்னேன்ல." யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் யாரும் இல்லை. என் வாய் திறந்திருக்கிறது, பல் காய்ந்து போயிருக்கிறது, தொண்டையில் அந்தச் சத்தத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மணி அடிக்கிறது. இன்றைய நடவடிக்கைகள் படியாகி ராத்திரியே என் மேசைக்கு வரும். (அ) இல்லை என்று இருக்கும், அதில் பிழை இருக்காது, நான் திருத்த ஒன்றும் இருக்காது. இரண்டு வரி தள்ளி, நடுவில், அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று போட்டிருப்பார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று போடுகிற வழக்கம் இல்லை.